கணிப்பொறியின் மறதி



ஒரு பொருளைச் சீர்ப்படுத்தப் போய், அது முன்னிலும் கெட்டுவிட்டதே என்று வருந்துவது உலக வழக்கில் அடிக்கடி நிகழ்வதுதான். கணிப்பொறியை ஆளும் இக்காலத்தில் இந்த வருத்தம் புதிய உருவத்தில் வருகிறது. பொறியின் நன்மைக்கென்று அதன் நிலைப்பொருளைப் புதுப்பிக்கிறோம். மறுநொடியே திரை இருண்டு விடுகிறது, விசைப்பலகை ஊமையாகிறது, வட்டைக் காணவில்லை என்று அறிவிப்பு வருகிறது. அந்த வேளையில் என்ன செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு, தஞ்சாவூரிலிருந்து என் அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் நடவுப் பாடல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். இரண்டு ஆண்டுகளாகச் சிற்றூர்தோறும் சென்று, வயலில் நாற்று நட்ட மூதாட்டியரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்து வந்தாள். பதிவுகள் அத்தனையும் ஒரே கணிப்பொறியில் இருந்தன. அவற்றுக்கு மறுபடி ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று நான் பலமுறை சொன்னதுண்டு. ‘அடுத்த வாரம், சித்தப்பா’ என்று அவளும் பலமுறை சொன்னதுண்டு. பாடிய மூதாட்டியருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

“சித்தப்பா, கணிப்பொறி போய்விட்டது” என்றாள். அன்று மாலை, பொறியைச் செய்தவர்கள் வெளியிட்டிருந்த அறிவுரைப்படி நிலைப்பொருளைப் புதுப்பித்திருக்கிறாள். புதுப்பிப்பு முடிந்தது என்று திரை சொன்னது, பொறி தானே அணைந்து மீண்டும் தொடங்கியது, பிறகு இருள்தான். பழுது பார்க்கும் ஒருவரைக் கேட்டாளாம். “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம், ஒரு மணி நேர வேலை” என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஒரு மணி நேர வேலைதான், ஐயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டு உழைப்பும் அதே ஒரு மணி நேரத்தில் மறைந்திருக்கும்.

“எதையும் அழிக்காதே. எனக்குச் சிறிது நேரம் கொடு” என்று கூறினேன். அந்த இரவில் நாங்கள் செய்தவற்றைச் சொல்லுமுன், நிலைப்பொருள் என்பது யாது என்று காண்போம்.

கணிப்பொறியின் விசையை அழுத்தியவுடன் அதன் செயலி விழித்தெழுகிறது. ஆனால் அதற்கு அப்போது ஒன்றும் தெரியாது. முதன்மை நினைவகமோ மின்சாரம் நின்றவுடன் வெறுமையாகிவிடும் இயல்புடையது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்பு வட்டில் இருக்கிறது. வட்டிலிருந்து அதைப் படித்தெடுக்க ஆணைகள் வேண்டும். அந்த ஆணைகளும் வட்டிலேயே இருந்தால் எப்படிப் படிப்பது? பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாக அல்லவா முடியும்? இந்தச் சிக்கலைத் தீர்க்கவே தாய்ப்பலகையின் மேல் ஒரு சிறு சில்லில் முதல் ஆணைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவே நிலைப்பொருள். இன்றைய மேசைக் கணிப்பொறிகளில் அந்தச் சில்லு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட் கொள்ளளவு உடையது; நகத்தின் அளவுகூட இராது.

தெருக்கூத்தில் அரசன் வருமுன் கட்டியங்காரன் வருவான். களத்தை ஒழுங்கு செய்வான். யார் யார் வருகிறார்கள் என்று அறிவிப்பான். பிறகு ஒதுங்கி நிற்பான். நிலைப்பொருளின் வேலையும் அதுவே. நினைவகம் வந்ததா, திரை வந்ததா, விசைப்பலகை வந்ததா, வட்டு வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இயக்க அமைப்பை அரங்கேற்றிவிட்டு அது பின்னால் செல்கிறது. கட்டியங்காரன் தடுமாறினால் அரசன் எத்துணை வலிமை உடையவனாயினும் அரங்குக்கு வர இயலாது.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, பயாஸ் எனப்பட்ட இந்த முதல் ஆணைத்தொகுதி 8 கிலோபைட் அளவினதாக இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் சில்லையே மாற்ற வேண்டும். 1984-இல் அதே நிறுவனம் வெளியிட்ட பி.சி. ஏ.டி. என்னும் பொறியில், பொறியின் அமைவுகளைக் குறித்து வைப்பதற்கென்று மின்கலத்தால் உயிர் காக்கப்படும் ஒரு சிறு நினைவகம் சேர்ந்தது. அதன் அளவு 64 பைட். பின்னர் அழித்தெழுதக்கூடிய சில்லுகள் வந்தன. 2005-இல் அமைந்த ஒரு கூட்டமைப்பின் வழியே யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை பரவிப் பழைய பயாஸின் இடத்தைப் பிடித்தது. ஆயினும் மக்கள் வாயில் பயாஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அழித்தெழுத முடிவது நன்மையும் தீமையும் கலந்தது. 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், சி.ஐ.ஹெச். என்னும் நச்சுநிரல் உலகின் பல நாடுகளில் கணிப்பொறிகளின் நிலைப்பொருளையே அழித்தெழுதி அவற்றை எழுப்ப முடியாதபடி செய்தது. மறுபுறம், குற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் சில்லை மாற்றாமலே திருத்திவிடவும் முடிகிறது. தொடக்கத்தில் திரையில் தோன்றுமே ஒரு சின்னம், அந்தப் படத்தைப் படிக்கும் ஆணைகளிலேயே பாதுகாப்புக் குறை இருப்பதாக 2023 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். புதுப்பித்தலே அதற்கு மருந்தாயிற்று. ஆகவே புதுப்பித்தல் வேண்டாத வேலை என்று எண்ணிவிடலாகாது.

இப்போது முக்கியமான கருத்துக்கு வருகிறேன். நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது ஆணைகள் மாறுகின்றன. பல பொறிகளில் அவற்றோடு நாம் செய்து வைத்த அமைவுகளும் அழிந்து, தொழிற்சாலையில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. எனவே புதுப்பிப்பு முறையாக முடிந்த பிறகு தோன்றும் தொல்லைகளுள் பல பழுது அல்ல, மறதியே. பழுதுக்கு மருந்து மாற்றுதல். மறதிக்கு மருந்து நினைவூட்டுதல். மறந்தவனுக்கு அறுவை மருத்துவம் செய்வாரும் உண்டோ?

இந்த எண்ணத்தை மனத்திற்கொண்டு, அவளிடம் முதல் கேள்வி கேட்டேன்: “திரை இருண்டபின் எத்தனை நிமிடம் காத்திருந்தாய்?”

“ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அணைத்துவிட்டேன். மறுபடியும் போட்டேன்; மறுபடியும் அணைத்தேன்.”

அங்கேதான் முதல் முடிச்சு. அவளுடைய பொறியில் இருந்தது டி.டி.ஆர்.5 வகை நினைவகம். அதன் தொடக்க வேகத்திலேயே ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 480 கோடி முறை செய்தி மாறுகிறது. அவ்வளவு வேகத்தில் ஒரு கம்பிக்கும் மறு கம்பிக்கும் இடையே உள்ள மிகச் சிறு காலவேறுபாடும் பிழையை உண்டாக்கும். ஆதலால் நிலைப்பொருள் ஒவ்வொன்றையும் சோதித்து, பொருத்தமான அளவைக் கண்டு குறித்துக்கொள்கிறது. இதை நினைவகப் பயிற்சி என்பர். புதுப்பித்தபின் பழைய குறிப்பு போய்விடுவதால் பயிற்சி முதலிலிருந்து தொடங்குகிறது. பல நிமிடங்கள் ஆகலாம். அது நடக்கும்போது திரையில் ஒன்றும் தோன்றாது. அவளோ ஒவ்வொரு முறையும் பயிற்சியின் நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டாள்.

“பொறியைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு 15 நிமிடம் உட்கார்” என்றேன். ஏழாவது நிமிடத்தில் திரையில் சின்னம் தோன்றியது. முதல் மருந்து பொறுமையே என்பதை அவளும் கண்டாள்.

அவ்வாறு காத்திருந்தும் விழிக்கவில்லையென்றால் என்ன செய்வது? மின்கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, தொடக்க விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சியுள்ள மின்சாரம் வடிந்துவிடும். பின்னர் மீண்டும் முயலலாம். பல தாய்ப்பலகைகளில் செயலி, நினைவகம், திரை, வட்டு என்ற நான்கிற்கும் நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தடை என்று அறியலாம். அமைவுப் பக்கத்துக்கே செல்ல இயலாதபோதுதான் அமைவு நினைவகத்தை வெறுமையாக்கும் வழியை நாட வேண்டும். ஏனெனில் அதனால் எஞ்சிய அமைவுகளும் மறைந்துபோகும்.

சின்னம் தோன்றியபின், அமைவுப் பக்கம் செல்ல ஒரு விசையை அழுத்துமாறு திரை கேட்டது. அவள் அழுத்தினாள்; பொறி செவிசாய்க்கவில்லை. “விசைப்பலகையும் போய்விட்டது” என்றாள். “அது எங்கே செருகியிருக்கிறது?” என்றேன். பல கருவிகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் செருகியிருந்தது. அந்தப் பெட்டியில் ஒலிப்பதிவுக் கருவி, வெளிவட்டு ஒன்று, இன்னும் என்னென்னவோ இருந்தன.

இயக்க அமைப்பு வந்தபிறகு எல்லாக் கருவிகளையும் அறிந்துகொள்ளும் ஆற்றல் பொறிக்கு வந்துவிடும். அதற்குமுன் நிலைப்பொருளுக்குத் தெரிந்தது மிகச் சிலவே. விரைவுத் தொடக்கம் என்னும் அமைவு இயங்கினால், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக யு.எஸ்.பி. கருவிகளை அது பார்க்காமலே விட்டுவிடுவதும் உண்டு. எனவே விதி இது: தொடக்கத்தில் தொல்லை வந்தால் ஒரு திரை, ஒரு கம்பியுள்ள விசைப்பலகை ஆகியவற்றைத் தவிர மற்றவற்றை எல்லாம் கழற்றிவிட வேண்டும். விசைப்பலகையைத் தாய்ப்பலகையின் பின்புறச் செருகுவாயில் நேரே செருக வேண்டும். வெளிவட்டைச் செருகியே வைத்திருந்தால், நிலைப்பொருள் அதிலிருந்து தொடங்க முயன்று தவிப்பதும் உண்டு. அவள் அவ்வாறே செய்தாள். விசைப்பலகை பேசத் தொடங்கியது.

அடுத்து, தொடங்குவதற்கு வட்டு இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அதைப் படிக்கும்போது அவள் குரல் தழுதழுத்தது. பாடல்கள் இருப்பது அந்த வட்டில்தானே! “அமைவுப் பக்கத்தில் வட்டுகளின் பட்டியலைப் பார். உன் வட்டின் பெயர் இருக்கிறதா?” என்றேன். இருந்தது. பெயர் இருந்தால் வட்டு உயிரோடு இருக்கிறது. அதற்குச் செல்லும் வழிதான் மாறியிருக்கிறது என்பது பொருள்.

வழி மாறுவதற்குக் காரணங்கள் சிலவே. தொடங்கும் வரிசை மாறியிருக்கலாம். பழைய முறையா, யு.இ.எஃப்.ஐ. முறையா என்ற அமைவு மாறியிருக்கலாம். வட்டை ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் அணுகுவதா, ரெய்டு முறையில் அணுகுவதா என்பதும் மாறியிருக்கலாம். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் செய்தேன். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்து மாற்றினால், குணம் கண்டாலும் எதனால் குணமாயிற்று என்று தெரியாது. குணம் காணாவிட்டால் எங்கிருந்து திரும்புவது என்றும் தெரியாது. இந்த அமைவை மாற்றுவதால் மட்டும் வட்டில் உள்ள எழுத்து அழியாது. ஆனால் வட்டைப் புதிதாகத் தயார் செய்யவா, வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கவா என்று பொறி கேட்டால் ஒருபோதும் இசையலாகாது. மூன்றாவது முயற்சியில், அணுகுமுறை பழைய நிலைக்கு வந்ததும், விண்டோஸின் அடையாளம் திரையில் எழுந்தது.

உடனே நீலநிறப் பக்கம் ஒன்று தோன்றி, 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டது. “யாரோ பூட்டிவிட்டார்கள், சித்தப்பா! பணம் கேட்பார்களோ?” என்று அஞ்சினாள். அச்சத்திற்கு இடமில்லை. பூட்டியவர் கள்வர் அல்லர், காவலரே. விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் மறையாக்க முறை உண்டு. அதன் திறவுகோலை டி.பி.எம். என்னும் பகுதி காத்துவருகிறது. பொறி தொடங்கும்போது நிலைப்பொருளின் அடையாளத்தை அளந்து பார்த்து, முன்பு கண்ட அதே முகம் என்றால்தான் அது திறவுகோலைத் தரும். புதுப்பித்ததால் முகம் மாறிற்று, காவலன் ஐயுற்றான். அவன் தன் கடமையைச் செய்தானே அன்றிப் பிழை ஏதும் செய்யவில்லை.

ஆனால் மீட்புச் சாவி இல்லையென்றால், பொறியைச் செய்தவராலும், விண்டோஸைச் செய்தவராலும் அந்த வட்டைத் திறக்க முடியாது. இதை நன்றாக நினைவிற்கொள்க. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு ஒன்றிலிருந்து, புதிதாக நிறுவும்போது நாம் கேளாமலே மறையாக்கம் தொடங்கிவிடும் பொறிகள் பெருகியுள்ளன. ஆகவே, ‘நான் எதையும் பூட்டவில்லையே’ என்று எண்ணி வாளாவிருக்கலாகாது. சில பொறிகள் புதுப்பித்தவுடன், டி.பி.எம். பகுதியின் பழைய பதிவை அழிக்கலாமா என்று கேட்கும். மீட்புச் சாவி கையில் இருப்பதை உறுதி செய்துகொள்ளாமல் ‘ஆம்’ என்று விடையளிக்க வேண்டாம்.

அவளுடைய சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருந்தது. கைப்பேசியில் அதைக் கண்டெடுத்து, எண் எண்ணாகத் தட்டினாள். பொறி திறந்தது. பாடல்கள் இருந்த தொகுதியும் இருந்தது. ஒன்றைத் திறந்தாள், ஓசை வரவில்லை.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. “பாட்டின் ஒலியளவைக் காட்டும் கோடு அசைகிறதா?” என்று கேட்டேன். அசைந்தது. அப்படியானால் பாட்டு ஓடுகிறது. அது செல்லும் இடம்தான் வேறு. புதுப்பித்தபின் கருவிகளைப் புதியனவாக எண்ணிய விண்டோஸ், ஒலியைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய திரையிலோ ஒலிபெருக்கி இல்லை. ஒலி வெளிவரும் இடத்தை மாற்றினாள். தொலைபேசியின் வழியே, காலமாகிவிட்ட ஒரு மூதாட்டியின் குரல் தெளிவாக என் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் மீண்டும் அழைத்தாள். “அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. இதற்கு எந்த அமைவை மாற்ற வேண்டும்?” என்றாள். இப்போது அவளுக்கு எல்லாம் அமைவாகவே தோன்றியது. “முதலில் கம்பியைப் பார்” என்றேன். முந்தைய நாள் பின்புறச் செருகுவாயைத் தேடிப் பெட்டியை இழுத்தபோது கம்பி கழன்று கிடந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். புதுப்பித்தபின் வந்த தொல்லை எல்லாம் புதுப்பித்ததால் வந்த தொல்லை ஆகாது. பின்னால் வந்தது என்பது வேறு. அதனால் வந்தது என்பது வேறு. அறிவியல் பயிலும் மாணவர் இந்த வேற்றுமையை ஒருநாளும் மறத்தல் ஆகாது.

உண்மையான பழுதும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. சில்லில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், ஆணைகள் அரைகுறையாகி, பொறி எழாமற் போகலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சில தாய்ப்பலகைகளில் இரண்டு சில்லுகள் உண்டு. வேறு சிலவற்றில், குறித்த ஒரு செருகுவாயில் யு.எஸ்.பி. நினைவுக்கோலைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால், பொறி எழாமலே நிலைப்பொருளை மீண்டும் எழுதலாம். இவை இல்லாதபோது சில்லில் நேரே எழுதும் கருவி உடைய தொழில் வல்லவரை நாட வேண்டும். அப்போதும் வட்டில் உள்ளவை வட்டிலேயே இருக்கும். சில்லு வேறு, வட்டு வேறு அல்லவா?

வருமுன் காப்பதே சிறப்பு. புதுப்பிக்க விரும்பும் நாளில் முதலில் உங்கள் உழைப்புக்கு மறுபடி எடுத்து, அதைப் பொறியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அமைவுப் பக்கங்களைப் படம் எடுங்கள். தாய்ப்பலகையின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அதற்குரிய நிலைப்பொருளையே பெறுங்கள். மின்தடை நேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எழுதும் பணி தொடங்கியபின் விசையைத் தொடாதீர்கள். இத்தனைக்கும் அரை மணி நேரம் போதும். தேர்வுக்கு முதல்நாள் இரவிலோ, கட்டுரை ஒப்படைக்கும் நாளிலோ இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

என் அண்ணன் மகள் அன்றே இரண்டு வட்டுகளில் பாடல்களுக்கு மறுபடி எடுத்தாள். ஒன்று அவளிடம் இருக்கிறது. மற்றொன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் மேலுறையில் அந்த 48 இலக்கங்களையும் எழுத எண்ணினாள். “சாவியைப் பூட்டோடு வைக்காதே” என்று தடுத்துவிட்டேன். அது வேறொரு தாளில், அவள் தந்தையின் பெட்டியில் இருக்கிறது.

நண்பர்களே, பொறி மறந்தால் நாம் நினைவூட்டலாம். நாம் மறந்தால் பொறி நினைவூட்டாது. எழாத பொறியின் முன் உட்காரும்போது, எதையும் அழிப்பதற்குமுன் ‘இது பழுதா, மறதியா?’ என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.